காட்டு விலங்குகளின் வியப்புகளைக் குழந்தைகளுக்குச் சொல்லும் முறை

காட்டு விலங்குகளைப் பற்றிக் குழந்தைகளிடம் பேசத் தொடங்கும்போது நம்மில் பலர் எண்களை அடுக்கிவிடுகிறோம். நீலத் திமிங்கிலம் ஏறத்தாழ 30 மீட்டர் வரை வளரும், சிவிங்கிப்புலி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை நெருங்கும் என்று வரிசையாகக் கேட்கும் குழந்தை, கண்களை அகல விரித்துவிட்டு மறுநாளே மறந்துவிடுகிறது. காரணத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் செய்தியே மனத்தில் தங்கும் என்பதால், ஒரு நாளைக்கு இரண்டு விலங்குகளுக்கு மேல் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

செய்தியை உடனே சொல்லிவிடாமல், முதலில் ஒரு கேள்வியை வையுங்கள். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் எத்தனை எலும்புகள் இருக்கும் என்று கேட்டால், குழந்தைகள் பெரும்பாலும் ஐம்பது, நூறு என்பார்கள். விடை 7, நம் கழுத்திலும் அதே 7தான். குழந்தையைத் தலைகுனியச் சொல்லி, பிடரியின் அடியில் புடைத்து நிற்கும் எலும்பைத் தன் விரலாலேயே தடவிப் பார்க்கச் செய்யுங்கள். பிறகு பழைய செய்தித்தாளில் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள 7 துண்டுகளை வெட்டித் தரையில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, பக்கத்தில் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒட்டகச்சிவிங்கியின் ஒரு கழுத்தெலும்பே ஏறத்தாழ அந்த ஒரு துண்டின் நீளம் இருக்கும். அவ்வளவு உயரத்துக்கு இரத்தம் எப்படி ஏறுகிறது என்று குழந்தை தானாகவே கேட்கக்கூடும். அதன் இரத்த அழுத்தம் நம்முடையதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு என்பதையும், தண்ணீர் குடிக்கக் குனியும்போது இரத்தம் தலைக்குள் பாய்ந்துவிடாமல் கழுத்துச் சிரைகளிலுள்ள வால்வுகள் உதவுகின்றன என்பதையும் சொல்ல அதுவே நல்ல தருணம்.

கழுத்தைப் பற்றிப் பேசிய சூட்டோடு ஆந்தைக்குச் செல்லலாம். ஆந்தையின் கண்கள் குழல் வடிவில் அமைந்து, தம் குழிக்குள் அசையாமல் நிற்பவை. கண்களை உருட்டாமல், தலையை மட்டும் திருப்பி அறை முழுவதையும் பார்க்கும்படி குழந்தையிடம் சொல்லுங்கள். முகவாய் தோள்பட்டையருகே வந்ததும் திருப்பம் நின்றுவிடும். 14 கழுத்தெலும்புகள் கொண்ட ஆந்தையோ ஒரு பக்கமாக ஏறத்தாழ 270 பாகை வரை தலையைத் திருப்பும். அது முழு வட்டம் சுற்றும் என்று சிலர் சொல்வது மிகை.

வளர்ந்த குழந்தைகளுக்குப் புலியின் நிறம் அருமையான புதிர். செம்மஞ்சள் நிற விலங்கு பச்சைக் காட்டில் எப்படி ஒளிய முடிகிறது? விடை, பார்க்கும் மானின் கண்ணில் இருக்கிறது. நிறங்களைப் பிரித்தறிய நம் கண்ணில் மூன்று வகைக் கூம்புச் செல்கள் உள்ளன, மானுக்கு இரண்டு வகையே உண்டு; ஆகவே செம்மஞ்சளும் பச்சையும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரிகின்றன.

வழிவழியாகச் சொல்லப்படும் செய்திகளில் பொய்யும் கலந்திருப்பதால், சொல்வதற்கு முன் சரிபார்த்துக்கொள்வது நம் கடமை. ஒட்டகத்தின் திமிலில் இருப்பது தண்ணீர் அன்று, கொழுப்பு. நெருப்புக்கோழி மணலில் தலையைப் புதைக்கும் என்று குழந்தை எங்கேனும் கேட்டுவந்தால், தவறு என்று வெட்டிப் பேசாமல், "புதைத்தால் மூச்சு எப்படி விடும்?" என்று திருப்பிக் கேளுங்கள். தரையில் பறித்த ஆழமற்ற குழியில் இட்ட முட்டைகளை அலகால் புரட்டிவிட அது குனிவதை, தொலைவிலிருந்து பார்ப்பவர் தலையைப் புதைப்பதாக எண்ணிவிடலாம் என்பதைப் பிறகு விளக்கலாம்.

ஒரு செய்தி எப்படிக் கண்டறியப்பட்டது என்பதையும் இயன்றபோதெல்லாம் சொல்லுங்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே. வரிக்குதிரைக்கு வரிகள் எதற்கு என்பதை ஆராய்ந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், சாதாரணக் குதிரைகளுக்குக் கறுப்பு, வெள்ளை, வரி என மூன்று விதப் போர்வைகளைப் போர்த்திப் பார்த்தார்கள். கடிக்கும் ஈக்கள் வரிப்போர்வையில்தான் மிகக் குறைவாக அமர்ந்தன. போர்த்தப்படாத தலையில் அமர்ந்த ஈக்களையும் அவர்கள் ஏன் எண்ணினார்கள் என்று குழந்தையிடம் கேட்டு, சற்று நேரம் யோசிக்க விடுங்கள். எந்தப் போர்வை அணிந்தாலும் தலையில் ஈக்கள் ஒரே அளவில் அமர்ந்ததால்தான், குறைவுக்குக் காரணம் குதிரையன்று, வரிகளே என்று அவர்களால் சொல்ல முடிந்தது.