சர்க்கரை என்ன விலை? இல்லாத தலைநகரம் ஒன்றைக் கட்டுவது எப்படி

என் குறுநாவலின் முதல் பக்கத்தில் ஒரு அரண்மனை இருந்தது. தங்கக் குழாய் வைத்த குளியலறை, சங்கிலியில் கட்டிய சிறுத்தை, கறுப்புக் கண்ணாடி போட்ட ஜெனரல். ஆப்பிரிக்காவில் ராணுவ ஆட்சி நடக்கும் கற்பனைத் தலைநகரம் என்று முடிவு செய்ததும் மண்டையில் வந்ததையெல்லாம் கொட்டியிருந்தேன். பெரியப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். 1981 முதல் 1986 வரை மேற்கு நைஜீரியாவில் ஒரு பள்ளியில் இயற்பியல் வாத்தியாராக இருந்தவர் அவர். அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் நிறைய ஆசிரியர்கள் அங்கே வேலைக்குப் போனார்கள். மூன்று நாள் கழித்துக் கட்டைத் திருப்பிக் கொடுத்தார். நாற்பது பக்கத்துக்கும் சேர்த்து ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி: "இந்த ஊரில் சர்க்கரை என்ன விலை?"

பதில் என்னிடம் இல்லை. அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் அந்த ஊரைப் பிரித்துத் திரும்பக் கட்டினேன். யாராவது இதே வேலையில் இறங்கினால் உதவட்டும் என்று, கட்டிய முறையை எழுதி வைக்கிறேன்.

முதலில் ஊர் எங்கே நிற்கிறது என்று முடிவு பண்ணுங்கள். "ஆப்பிரிக்கா" என்பது இடம் இல்லை, 54 நாடுகள். மேற்குக் கடற்கரையா, ஏரிப் பக்கமா, மேட்டு நிலமா? ஆண்டு போனவர்கள் ஆங்கிலேயரா, பிரெஞ்சுக்காரரா, போர்த்துகீசியரா? எந்தப் பத்தாண்டு? இந்த மூன்றும் தெரிந்தால்தான் தட்டில் என்ன இருக்கும் என்று தெரியும். கிழக்கே உகாண்டாவின் கம்பாலாவில் வேகவைத்து மசித்த வாழைக்காய், மட்டோக்கே. மேற்கே கானாவின் அக்ராவில் புளித்த மக்காச்சோள மாவுருண்டை, கெங்கே. எத்தியோப்பியாவின் ஆடிஸ் அபாபாவில் புளித்த மாவில் சுட்ட தோசை போன்ற இஞ்சேரா. நான் மேற்குக் கடற்கரைத் துறைமுகத்தில் ஆட்களை உட்காரவைத்து மட்டோக்கே பரிமாறியிருந்தேன். பெரியப்பா அதை வட்டம் போடக்கூட இல்லை, வெறும் ஆச்சரியக்குறி.

நான் எடுத்துக்கொண்டது மேற்குக் கடற்கரை, ஆங்கிலேயர் விட்டுப் போன ஊர், எண்பதுகளின் தொடக்கம். பெயர் போர்ட் செல்வின். நைஜீரியாவின் போர்ட் ஹார்கோர்ட் ஒரு பிரிட்டிஷ் காலனி அமைச்சரின் பெயரில் அமைந்த ஊர், அந்த மாதிரியில் வைத்தேன். "திருநெல்வேலிப் பக்கத்து ஆள் மாதிரி இருக்கேடா" என்று பெரியப்பா சிரித்தார். இருக்கட்டும். பதவிக்கு வரும் ஜெனரல் அதை மாற்றுவார். காங்கோவில் ராணுவத் தளபதி மொபுட்டுவின் ஆட்சியில்தான் 1966இல் தலைநகர் லெயோபோல்ட்வில் கின்ஷாசா ஆனது. 1971இல் நாடே ஜயீர் ஆனது. என் ஊர் "அசேலு" ஆகிறது. இதில் ஒரு வசதி உண்டு. வானொலி அசேலு என்கிறது, அரசாங்கக் கடிதம் அசேலு என்கிறது, சந்தையில் மட்டும் செல்வின். ஒரு பாத்திரம் யார் முன்னால் எந்தப் பெயரைச் சொல்கிறது என்று கவனித்து எழுதினால் போதும், "அவன் பயந்தான்" என்று எழுதவே வேண்டாம்.

அப்புறம் வரைபடம். ஒரு தாளை எடுத்துத் துறைமுகத்தையும் அங்கிருந்து உள்நாட்டுக்குப் போகும் ரயில் பாதையையும் போடுங்கள். காலனிக் காலத்தில் வெள்ளைக்காரர் குடியிருப்பைக் காற்று வரும் மேட்டில் வைத்து, உள்ளூர்க்காரர் குடியிருப்புக்கும் அதற்கும் நடுவே வெற்று நிலம் விடுவது பல ஊர்களில் வழக்கம். மலேரியாக் கொசு அவ்வளவு தூரம் பறந்து வராது என்று காரணம் சொன்னார்கள். விடுதலைக்குப் பிறகு அந்த பங்களாக்களில் அமைச்சர்கள் குடியேறினார்கள், அவர்களுக்குப் பிறகு கர்னல்கள். வெற்று நிலம் பெரும்பாலும் கோல்ஃப் மைதானமாகவோ பந்தயத் திடலாகவோ நிற்கும். இதைப் போட்டால் பாதி ஊர் வந்துவிடும். மீதிக்கு நான்கு புள்ளிகள்: ராணுவக் குடியிருப்பு, வானொலி நிலையம், சந்தை, பெட்ரோல் பங்க். ராணுவக் குடியிருப்பிலிருந்து வானொலி நிலையத்துக்கு விடியற்காலையில் ஜீப்பில் எத்தனை நிமிடம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கதை அந்தச் சாலையில்தான் தொடங்குகிறது.

ஆட்சிக் கவிழ்ப்பை எழுதும்போது டாங்கியை விடுங்கள், வானொலியைப் பிடியுங்கள். ஊர் மக்களுக்குச் சேதி இப்படித்தான் வந்தது: வழக்கமான காலை நிகழ்ச்சிக்குப் பதில் ராணுவ பேண்டு இசை, அப்புறம் ஒரு முரட்டுக் குரல். ஊழல் ஒழிப்பு, எல்லைகள் மூடல், விமான நிலையம் மூடல், ஊரடங்கு, அமைதி காக்கவும். பின்னால் ஒரு சபையின் பெயர் வரும். உண்மையான பெயர்களைப் பாருங்கள்: தேசிய விடுதலைச் சபை, தேசிய மீட்புச் சபை, உச்ச ராணுவச் சபை. மீட்பு, விடுதலை, தற்காலிகம் ஆகிய சொற்களைக் குலுக்கிப் போட்டால் உங்கள் சபைக்கும் பெயர் கிடைக்கும். "தற்காலிக" என்று பெயரிலேயே வைத்துக்கொண்ட கானாவின் சபை பதினொரு ஆண்டு ஆண்டது.

அறிவிப்பில் ஒரு பிழை வையுங்கள். 1976 பிப்ரவரி 13 அன்று நைஜீரியாவின் லாகோஸில் லெப்டினன்ட் கர்னல் டிம்கா வானொலியைப் பிடித்து, காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை ஊரடங்கு என்று அறிவித்தார். பகல் முழுக்க யாரும் வெளியே வரக்கூடாது, இரவில் தாராளமாகச் சுற்றலாம்! அவருடைய முயற்சி அன்றைக்கே தோற்றது. ஆனால் நாட்டின் தலைவர் முர்தலா முகமது அதற்குள் இறந்திருந்தார். காவல் வண்டிகள் இல்லாமல் அலுவலகம் போன அவருடைய கறுப்பு பென்ஸ் காரை லாகோஸ் போக்குவரத்து நெரிசலில் வைத்துச் சுட்டார்கள். துளைகளோடு அந்தக் கார் லாகோஸ் தேசிய அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கோமாளித்தனமும் கொலையும் ஒரே காலையில் நடக்கும். அரைப் பக்கத்துக்குள் இரண்டையும் எழுத முடியாவிட்டால், இந்தக் களத்தை எடுக்க இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

இனி சர்க்கரை. பெரியப்பா கேட்டது விலையை மட்டும் அல்ல. எந்த விலை, யாருக்கு, எங்கே நின்றால் என்பதைக் கேட்டார். அரசு விலை ஒன்று, சந்தை விலை ஒன்று, சிப்பாயின் மனைவிக்கு ஒன்று. இந்த மூன்றுக்கும் நடுவில் ஊரே பிழைக்கிறது. அதற்கு ஒவ்வொரு ஊரும் சொந்தமாகச் சொல் கண்டுபிடித்தது. கானாவில் கொள்ளை லாபத்துக்குக் "கலபூலே". உகாண்டாவில் கள்ளச் சந்தைக்கு "மகெண்டோ". 1972இல் இடி அமீன் ஆசியர்களை 90 நாளில் வெளியேறச் சொன்ன பிறகு, அவர்கள் விட்டுப்போன கடைகளைப் பெற்றுக் கொழுத்தவர்களுக்கு "மஃபுட்டா மிங்கி", அதாவது எண்ணெய் நிறைய. கின்ஷாசாவில் "பதினைந்தாவது பிரிவு": உன் பிழைப்பை நீயே பார்த்துக்கொள் என்று சொல்லும், எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத ஒரு பிரிவு. 1983 பஞ்சத்தில் அக்ராவில் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்ததற்கு "ராலிங்ஸ் சங்கிலி" என்று பெயர் வைத்தார்கள், ஆண்ட ராணுவ அதிகாரியின் பெயரிலேயே. உங்கள் ஊருக்கும் இப்படி இரண்டு மூன்று சொல் வேண்டும். விளக்கம் கொடுக்காமல் முதலில் பாத்திரங்களின் வாயில் போடுங்கள், வாசகர் தானே பிடித்துக்கொள்வார்.

பற்றாக்குறை வந்தால் பழி யார் மேல் விழும் என்பதையும் முடிவு செய்யுங்கள். 1979 ஆகஸ்டில் அக்ராவின் மகோலா சந்தையைச் சிப்பாய்கள் வெடிவைத்துத் தகர்த்தார்கள். விலை ஏறியதற்குக் காரணம் அங்கே துணியும் தகர டப்பாவும் விற்ற பெண்கள் என்று சொன்னார்கள். விலை இறங்கவில்லை. என் நாவலின் நடுப்பகுதி முழுக்க ஒரு துணிக்கடைக்காரியுடையது. அரண்மனை இருந்த இடத்தில் இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

ஜெனரலை முழுக் கெட்டவராக எழுதுவது சுலபம், ஆனால் ஊர் பொய்யாகிவிடும். 1983 கடைசி நாளில் நைஜீரியாவில் ஜெனரல் புஹாரி ஆட்சியைப் பிடித்தார். அடுத்த மார்ச்சில் ஒழுங்கீனத்துக்கு எதிரான போர் என்று ஒன்றை அறிவித்தார்கள். பஸ் நிறுத்தத்தில் வரிசை கட்டாயம். மீறினால் சிப்பாயின் கையில் "கொபோக்கோ" என்னும் தோல் சாட்டை. அலுவலகத்துக்குத் தாமதமாக வந்த அரசு ஊழியரைத் தவளைபோல் குதிக்கவைத்தார்கள். பெரியப்பா ஒரு நாள் சொன்னார்: "சும்மா சொல்லக்கூடாதுடா, அந்த ஒரு வருஷம்தான் நான் பஸ்ஸில் முட்டி மோதாம ஏறினேன். ஆனா முன்னாடி நின்னவர் என் ஹெட்மாஸ்டர் வயசு. அவர் முதுகுல அடி விழுந்தப்போ நாங்க யாரும் திரும்பிக்கூடப் பாக்கல. இடம் போயிடும்னு." இதை அப்படியே எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டேன். கொடுத்தார். நாவலில் நான் வெட்டாமல் விட்ட ஒரே பக்கம் அதுதான்.

அந்த 1984 ஏப்ரலில் நைஜீரியாவின் நைரா நோட்டுகளின் நிறத்தை மாற்றினார்கள், எல்லைகளை மூடினார்கள், பழையதை மாற்ற சில நாளே அவகாசம். நம்மவர்களுக்கு 2016 நவம்பர் நினைவிருக்கும், வரிசையை விவரிக்க வேண்டியதில்லை. வங்கி வாசலில் நின்றவர் கையில் என்ன வைத்திருந்தார் என்று மட்டும் எழுதுங்கள். பெரியப்பா மடக்கு நாற்காலி கொண்டுபோனாராம்.

சாங்காராவின் புர்கினா ஃபாசோவும் ராணுவ ஆட்சிதான். அவர் அரசாங்கத்தின் பென்ஸ் கார்களை விற்றுவிட்டு அமைச்சர்களை ரெனோ 5 என்ற சின்னக் காரில் போகச் சொன்னார். இப்படியும் ஒருவர் இருந்தார் என்பதை மறக்க வேண்டாம்.

பயத்தை எழுத ஒரு தந்திரம்: சித்திரவதைக் கூடத்துக்குச் சலிப்பூட்டும் பெயர் வையுங்கள். அமீனின் ரகசியப் போலீசுக்கு "அரசு ஆராய்ச்சிப் பணியகம்" என்று பெயர். கேட்டால் நூலகம் மாதிரி இருக்கும். கம்பாலாவின் நகாசெரோ குன்றில் இருந்தது. அதன் ஆட்கள் சீருடையில் வரவில்லை, பூப்போட்ட சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் போட்டு வந்தார்கள். ஆளைத் தூக்கிக் காரின் டிக்கியில் போட்டுக்கொண்டு போனார்கள். ஆகவே உங்கள் ஊரில் டிக்கி மூடும் சத்தம் ஒன்று போதும். எத்தியோப்பியாவில் டெர்க் என்ற ராணுவக் குழுவின் ஆட்சியின்போது "கெபெலே" என்ற வார்டு அலுவலகமே ரேஷனும் கொடுத்தது, வேவும் பார்த்தது. என் ஊரில் சர்க்கரை அட்டைக்கு முத்திரை வைக்கும் எழுத்தர்தான் யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்றும் குறித்துக்கொள்கிறார். நல்ல மனிதர், மூட்டு வலிக்காரர்.

ஊரடங்கு இருந்தால் அதைக் கடிகாரத்தோடு கட்டுங்கள். அக்ராவில் 1982 முதல் 1984 வரை இருந்த இரவு ஊரடங்கில் பாட்டுக் கச்சேரிகள் படுத்துவிட்டன, வாத்தியக்காரர்கள் பலர் வெளிநாடு போனார்கள். இரவில் பிரசவ வலி வந்தால் என்ன, சாவு வந்தால் என்ன, கடைசி பஸ் எத்தனை மணிக்கு? இதற்கு ஒரு பட்டியலே போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தேன்.

ஜெனரலைக் கடைசியில் காட்டினால் போதும், அதுவும் ஓரமாக. மொபுட்டு காலத்துத் தொலைக்காட்சிச் செய்தி தொடங்கும்போது மேகத்திலிருந்து அவர் முகம் இறங்கி வரும். அமீனின் பட்டங்களில் பூமியின் விலங்குகளுக்கும் கடல் மீன்களுக்கும் அதிபதி என்று ஒன்று உண்டு. இதையெல்லாம் நகலெடுத்தால் வாசகர் சிரிப்பார், அந்த ஊர்க்காரர்கள் சிரித்த சிரிப்பு அது இல்லை. மத்திய ஆப்பிரிக்க நாட்டின் தலைநகர் பாங்கியைப் பாருங்கள். 1977 டிசம்பரில் அதை ஆண்ட ராணுவத் தளபதி பொகாஸா தனக்குத்தானே பேரரசர் முடி சூட்டிக்கொண்டது உலகுக்குத் தெரியும். அவரை அசைத்தது பள்ளிச் சீருடை. 1979 ஜனவரியில் விலை கூடிய சீருடையைக் கட்டாயமாக வாங்கச் சொன்னபோது மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், சுடப்பட்டார்கள். அந்த செப்டம்பரில் அவர் ஆட்சி போனது. என் ஜெனரல் வருவது ஒரே காட்சியில்: சந்தையில் மாட்டிய படமாக, கண்ணாடியில் தூசி, துடைக்கலாமா கூடாதா என்று ஏணியில் நின்று யோசிக்கும் பையன்.

போன மாதம் புதிய கட்டைப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். முதல் வரியிலேயே சர்க்கரை விலை இருக்கிறது, மூன்று விலையும். இந்தத் தடவை இரண்டே நாளில் கூப்பிட்டார்.

"சர்க்கரை சரியாயிருக்கு. ஆமா, ரேடியோ ஸ்டேஷனைப் பிடிச்சாங்களே, நடுவுல கரண்ட் போனா ஜெனரேட்டரை யாருடா போடுவான்?"

எனக்குத் தெரியவில்லை. டீசல் கறை படிந்த லுங்கியோடு ஒரு ஆளை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். லுங்கி அங்கே கட்டுவார்களா என்று நாளைக்குக் கேட்க வேண்டும்.