மைக் வாங்க முதல் ஒருக்காக் கை தட்டிப் பாருங்கள்

எங்கள் பெரியம்மா கண்ணகை அம்மன் குளிர்த்திச் சடங்குப் பாடல்களை ஏடு பாராமல் முழுக்கப் பாடுவா. அந்தக் குரலை எடுத்து வைக்க வேண்டும் என்று காசு சேர்த்து ஒரு கண்டென்சர் மைக் வாங்கினேன். பஞ்சுத் தொப்பி, மடங்கும் ஸ்டாண்ட், வயர் எல்லாம் ஒரே பெட்டிக்குள் வந்தது. வயரின் நுனியில் ஹெட்ஃபோனுக்கு இருப்பது போல ஒரு சின்னப் பின். அதை லேப்டொப்பில் குத்தி, பெரியம்மாவை முன்னால் இருத்தினேன். முக்கால் மணித்தியாலம் பாடினா. போட்டுக் கேட்டால் தகரத்தில் மழை விழுவது போல ஒரே இரைச்சல். அதற்குள் எங்கோ தூரத்தில் அவவின் குரல், அதற்கும் மேலே ஃபேன் சுற்றும் சத்தம். ‘பரவாயில்லை மனே, மறுகா ஒரு நாளைக்குப் பாடித் தாறன்’ என்றா. அடுத்த வைகாசிக் குளிர்த்திக்கு அவ இல்லை.

அந்த மைக் பழுதில்லை. கண்டென்சர் மைக்குக்கு உள்ளே ஓடும் மின்சுற்றுக்கு வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். ஃபாண்டம் பவர் என்று சொல்லப்படும் 48 வோல்ட் அது. லேப்டொப்பின் மைக் துளை தருவது சில வோல்ட்தான். மைக் அரைப் பட்டினியில் கிடக்க, வந்த சின்னச் சத்தத்தை லேப்டொப் பெருப்பித்துப் பெருப்பித்து இரைச்சலாக்கியது. இதை வாங்கும்போது ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இப்போது கல்முனையிலிருந்தும் களுவாஞ்சிக்குடியிலிருந்தும் பாட்டுப் படிக்கிற பிள்ளைகள் ‘அண்ணன், கையில கொஞ்சம் காசு இருக்கு, எந்த மைக் வாங்க?’ என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் எழுதுகிறேன். தவிர்க்க வேண்டிய தவறுகளில் முதலாவது அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது: காசு முழுவதும் மைக்குக்கு என்று நினைப்பது.

பாட்டு கெடுவது பெரும்பாலும் மைக்கில் அல்ல, அறையில். பாட நினைத்த அறையின் நடுவில் நின்று ஒருக்காக் கை தட்டிப் பாருங்கள். மாபிள் பதித்த தரை, வெறும் சீமெந்துச் சுவர், கண்ணாடி ஜன்னல் உள்ள விறாந்தையில் தட்டினால் சத்தம் சுவருக்குச் சுவர் ஓடி ‘டிர்ர்ர்’ என்று வால் இழுக்கும். அந்த வால் உங்கள் ஒவ்வொரு சொல்லின் பின்னாலும் ஒட்டிக்கொண்டுதான் பதிவாகும். விலை கூடிய மைக் அதை இன்னும் தெளிவாகப் பிடிக்கும். அதே கையைக் கட்டில், மெத்தை, சேலை நிறைந்த அலுமாரி உள்ள படுக்கை அறையில் தட்டுங்கள். ‘டப்’ என்று அந்த இடத்திலேயே நின்றுவிடும். உங்கள் ஸ்டூடியோ அதுதான். அலுமாரிக் கதவைத் திறந்து வையுங்கள்.

இந்த இடத்தில்தான் பிள்ளைகள் முட்டை மட்டை ஒட்டத் தொடங்குகிறார்கள். முட்டை மட்டையால் பலன் இல்லை, நெருப்புப் பிடித்தால் ஆபத்தும் கூட. மெல்லிய ஸ்பொஞ்சும் கீச்சுச் சத்தத்தை மட்டும் உறிஞ்சும். 100 ஹேர்ட்ஸ் அளவில் உள்ள கனத்த ஒலி ஒன்றின் அலை நீளம் ஏறக்குறைய மூன்றரை மீற்றர். ஒரு அங்குல ஸ்பொஞ்சு அதை மறிக்காது. மேல் ஒலி செத்து, கீழ் ஒலி மட்டும் அறைக்குள் உருளும்போது குரல் மூடிய பெட்டிக்குள் இருந்து வருவது போல ஆகிவிடும். தடித்த கம்பளி, மெத்தை, பழைய சேலைகளை நாலாய் மடித்துத் தொங்கவிடுவது இதைவிட எவ்வளவோ மேல்.

எங்கே தொங்கவிடுவது என்பதிலும் பலர் பிழை விடுகிறார்கள். மைக்குக்குப் பின்னால் நிறுத்தும் வளைந்த ஸ்பொஞ்சுத் தட்டி ஒன்றைக் காசு கொடுத்து வாங்குவார்கள். பாட்டுக்குப் பாவிக்கும் மைக்குகளில் பெரும்பாலானவை முன்னால் வரும் சத்தத்தைத்தான் கூடப் பிடிக்கும், பின்பக்கம் அவற்றுக்கு மந்தம். மைக்கின் முன்னால் இருப்பது யார்? நீங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரைத்தான் அது பார்த்துக்கொண்டு நிற்கிறது. கம்பளி தொங்க வேண்டிய இடம் பாடுகிறவரின் முதுகுப் பக்கம்.

இன்னும் ஒன்று, இதற்குச் செலவே இல்லை. வாய்க்கும் மைக்குக்கும் இடையில் ஒரு சாண் போதும். தூரத்தைப் பாதியாக்கினால் நேரே வரும் குரல் 6 டெசிபெல் கூடும், அறையின் எதிரொலி கூடாது. ஆனால் நாலு விரல் அளவுக்குள் போனால் குரலில் செயற்கையாக ஒரு கனம் ஏறும். ஒரு சாணில் நின்று, வாயை மைக்குக்குச் சற்றுச் சாய்வாகப் பிடித்தால் ‘ப’கரமும் வெடிக்காது.

அறைக்குப் பிறகு நேரம். நமது மட்டக்களப்பு வாவியில் பாடும் மீனைக் கேட்கப் போகிறவர்கள் துடுப்பு வலிப்பதை நிறுத்திவிட்டு, அதன் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறு நுனியில்தான் காதை வைப்பார்கள். யேசு சபைக் குருவான அருட்தந்தை லாங் 1954இல் அந்த ஓசையை ஒலிப்பதிவு செய்தார். அது கைகூடியதற்கு இரவு வாவியின் அமைதியும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். வீட்டில் உங்களுக்கு அந்த அமைதி வெள்ளென எழும்பினால் கிடைக்கும். கோயில் லவுட்ஸ்பீக்கர், பாங்கு, பாண்காரனின் பாட்டு எல்லாம் நேரத்துக்கு வருபவை. அவற்றைப் பார்த்து இடைவெளியில் வேலை செய்யலாம். ஐப்பசி தொடக்கம் தை வரை தகரக் கூரைக்குக் கீழே ஒன்றும் செய்ய முடியாது. அந்த மாதங்களைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனிக் கருவி. மைக்கையும் கொம்பியூட்டரையும் இணைக்கிற சின்னப் பெட்டிக்குப் பெயர் ஓடியோ இன்டர்ஃபேஸ். மைக் சத்தத்தைப் பெருப்பிப்பது, 48 வோல்ட் கொடுப்பது, எண்ணாக மாற்றி யூஎஸ்பி வழியாக அனுப்புவது எல்லாம் இதன் வேலை. தனியாகப் பாடுகிறவர், பேசுகிறவர் என்றால் நல்ல ஒரு யூஎஸ்பி மைக்கே காணும், அதற்குள்ளேயே இந்தப் பெட்டி இருக்கிறது. ஆனால் நமது ஆட்கள் தனியாகப் பாடுவது குறைவு. கல்லடியில் விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படிக்கிற பிள்ளைக்குக் குரலும் வயலினும் வேண்டும். கூத்துக்கு, அதைப் பழக்கும் அண்ணாவியாரின் குரலும் மத்தளமும் ஒன்றாக வேண்டும். இரண்டு யூஎஸ்பி மைக்கை ஒரே லேப்டொப்பில் ஒத்து ஓட வைப்பது பெரிய தலையிடி.

அப்படியானால் இரண்டு துளை உள்ள இன்டர்ஃபேஸ் என்று கடைக்குப் போவீர்கள். அங்கே இன்னொரு பொறி. ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ, பெரிங்கர் யூஎம்சி22 இரண்டிலும் இரண்டு துளை தெரியும். அதில் ஒன்றுதான் மைக்குக்கு, மற்றது கிட்டார் போன்ற கருவிக்கு. இரண்டு மைக் குத்த வேண்டுமென்றால் ஸ்கார்லெட் 2ஐ2, யூஎம்சி202எச்டி போன்றவைதான் வேண்டும். துளையை எண்ணாதீர்கள், மூன்று ஓட்டை உள்ள எக்ஸ்எல்ஆர் துளையை எண்ணுங்கள். காசு குறைவென்றால் மைக்கின் விலையைக் குறைத்து, இரண்டு மைக் இன்டர்ஃபேஸை எடுப்பதுதான் என் தீர்ப்பு. மைக்கைப் பிறகு மாற்றலாம்.

கண்டென்சரா, 48 வோல்ட் வேண்டாத டைனமிக்கா என்ற கேள்விக்கு உங்கள் அறைதான் பதில் சொல்லும். கண்டென்சர் நுணுக்கமாகப் பிடிக்கும், பக்கத்து வீட்டுக் கோழியையும் சேர்த்து. அறையை அடக்கியவர்களுக்கு ஓடியோ-டெக்னிக்கா ஏடி2020 போன்ற ஒன்று நல்ல தொடக்கம். அடக்க முடியாதவர்களுக்கு டைனமிக். ஷூர் எஸ்எம்58 1966இலிருந்து சந்தையில் இருக்கிறது, நமது மேடைகளில் தினமும் பார்ப்பது, விழுந்தாலும் எழும்பும். அதற்குப் போலி நிறைய உண்டு. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் நம்பாதீர்கள். யூடியூப்பில் எல்லாரும் வைத்திருக்கிறார்கள் என்று ஷூர் எஸ்எம்7பிக்கு ஆசைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கு ஏறக்குறைய 60 டெசிபெல் பெருக்கம் வேண்டும். மலிவான இன்டர்ஃபேஸை அந்த அளவுக்குத் திருகினால் திரும்பவும் அதே இரைச்சல்.

மத்தளத்துக்கு டைனமிக்தான். ஒரு முறை அதைப் பதிந்தபோது பார்த்தேன். அண்ணாவியார் முதலில் விரல் நுனியால் மெதுவாகத் தட்டிக் காட்டினார், நானும் அதற்கேற்பச் சத்தத்தைத் திருகி வைத்தேன். வரவுத் தாளம் ஏறி, உள்ளங்கை முழுவதும் தோலில் விழுந்த அந்த நொடியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த அடி உடைந்துபோய்ப் பதிந்திருந்தது. உடைந்ததை எந்த மென்பொருளாலும் முழுதாய்ச் சீர் செய்ய ஏலாது. இருப்பதில் மிக உரத்த அடியைப் போடச் சொல்லி, அது மென்பொருளின் சத்த அளவுகோலில் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் (0தான் உச்சம்) நிற்கும்படி வைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். மென்பொருளில் 24 பிட் என்று வைத்துப் பதிகிறபோது சத்தம் குறைவாக விழுந்தாலும் பிறகு கூட்டிக்கொள்ளலாம், பயப்படத் தேவையில்லை.

வீ8 என்ற பெயரில் போனுக்கென்று விற்கும் எக்கோ பெட்டிகளைப் பற்றி ஒரு சொல். நேரலைக்கு, விளையாட்டுக்கு அது சரி. பதிவுக்கு வேண்டாம். எக்கோ குரலோடு சேர்ந்தே பதிந்துவிடும், பிறகு பிரிக்க முடியாது. சோற்றில் உப்பைக் கூடப் போட்டால் எடுக்க முடியுமா? குரலை வெறுமையாகப் பதியுங்கள், எக்கோவைக் கடைசியில் போடலாம்.

பதியும்போது கேட்க ஹெட்ஃபோன் வேண்டும், அது காதை முழுவதும் மூடும் வகையாக, வயரோடு இருக்க வேண்டும். திறந்த வகையில் தாளம் வெளியே கசிந்து மைக்குக்குள் போகும். புளூடூத் ஹெட்ஃபோன் சத்தத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு, சிலவேளை அதற்கும் மேல் சொணங்கித்தான் தரும். பாடுகிறவர் தாளத்தை விட்டு விலகிப்போவார், தன் குரலில்தான் பிழை என்று மனம் உடைந்தும் போவார். இன்டர்ஃபேஸிலும் கொஞ்சம் சொணக்கம் உண்டு. மென்பொருளில் பஃபர் என்ற ஓரிடத்தில் 128 என்று வைத்தால் அது மூன்று மில்லி நொடி அளவு, 1024 என்றால் இருபதுக்கு மேல். பாடும்போது சிறிய எண், பதிந்த தடங்களைக் கலக்கும்போது பெரிய எண். பெரிய ஸ்பீக்கர் சோடி இப்போதைக்கு வேண்டாம். அடக்காத அறையில் அது உங்களுக்குப் பொய் சொல்லும்.

மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். ‘ம்ம்ம்’ என்று அடியில் ஓடும் உறுமல் நமது 50 ஹேர்ட்ஸ் கரண்டின் குரல். லேப்டொப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் பதிந்து பாருங்கள். உறுமல் நின்றால் குற்றவாளி சார்ஜர். பழைய வீடுகளில் எர்த் வயர் சரியாக இல்லாததும் காரணமாகலாம், அதை மின்சாரம் தெரிந்தவரைக் கொண்டு பாருங்கள். உறுமலை நிறுத்த எர்த் பின்னை உடைக்கச் சொல்வார்கள். ஒருபோதும் செய்யாதீர்கள், உயிர் போகும்.

வயர் மூன்று மீற்றர் போதும், ஆனால் மிக மலிவானது வேண்டாம். கடற்கரைப் பக்கம் உள்ளவர்கள் உப்புக் காற்றையும் நினைக்க வேண்டும். கண்டென்சரைப் பாவித்ததும் மூடி உள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதியோடு வையுங்கள். ஈரம் ஏறினால் அது படபடக்கத் தொடங்கும். வெளிநாட்டிலிருந்து கொரியரில் எடுப்பதென்றால் சுங்க வரியோடு 18 வீத வட் வரியையும் கணக்கில் சேர்த்துவிட்டு உள்ளூர் விலையோடு ஒப்பிடுங்கள். பழுதானால் திருப்பிக் கொடுக்க ஆள் பக்கத்தில் இருப்பதற்கும் ஒரு பெறுமதி உண்டு.

மென்பொருளுக்குக் காசே வேண்டாம். ஓடாசிட்டி இலவசம். ரீப்பரை 60 நாள் முழுதாய்ப் பாவித்துப் பார்க்கலாம், தனிப்பட்ட பாவனைக்கு உரிமம் 60 டொலர். களவாக உடைத்த மென்பொருளோடு வைரஸ் வந்து பதிவு முழுவதும் போனால் அழுவதற்கும் நேரம் இருக்காது. ஒரு தடம் நிமிடத்துக்கு 8 மெகாபைட் அளவு பிடிக்கும், பென்டிரைவில் ஒரு பிரதி எப்போதும் இருக்கட்டும்.

இதெல்லாம் வாங்க முதல், ஊரிலுள்ள சவுண்ட் சேர்விஸ்காரரிடம் ஒரு டைனமிக் மைக்கை ஒரு நாளைக்குக் கேளுங்கள். இன்டர்ஃபேஸும் இல்லையென்றால் முதுகுக்குப் பின்னால் கம்பளி தொங்க, கையிலுள்ள போனை வாயிலிருந்து ஒரு சாணில் நிறுத்திப் பாடுங்கள். இப்படி ஒரு மாதம் பதிந்து கேட்டால் உங்களுக்கு எது குறைகிறது என்று உங்கள் காதே சொல்லும். பாட்டி, பெரியம்மா வீட்டில் இருந்தால் அந்த ஒரு மாதம் கூடக் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே போனில் எடுங்கள். ஃபேனை நிறுத்துங்கள், ஃப்ரிட்ஜையும் நிறுத்துங்கள். நிறுத்தியதும் மோட்டார் சைக்கிள் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். வெளியே கிளம்பும்போது சாவியை எடுக்கத் திறப்பீர்கள், அப்போது சுவிட்சைப் போட ஞாபகம் வரும்.