நான்கடி மீன்தொட்டிக்கு உயிரியல் வடிகட்டி அமைக்கும் முறை

என் முதல் பெரிய தொட்டியில் நீர் நிரப்பிய மூன்றாம் நாளே எட்டுத் தங்கமீன்களை விட்டேன். நீர் அத்தனை தெளிவாக இருந்தது. ஆனால் பத்தாம் நாளுக்குள் ஐந்து மீன்கள் நீர்ப்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவித்து இறந்தன. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் நீரில் மீன் வாழ முடியாமல் போகக்கூடும் என்பது அப்போதுதான் புரிந்தது. புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் அந்த இழப்பைச் சந்திக்க வேண்டியதில்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மீன்கள் தங்களுக்கே நஞ்சான அம்மோனியாவைப் பெரும்பாலும் செவுள் வழியாக வெளியேற்றுகின்றன. மிச்ச உணவும் கழிவும் அழுகும்போது இன்னும் சேருகிறது. ஒருவகை நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சுதான்; அது மீனின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி செய்துவிடும். அதை இன்னொரு வகை நுண்ணுயிர்கள், தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இந்த இரண்டாம் வேலையைச் செய்வது நைட்ரோபேக்டர் என்றே பழைய கையேடுகள் கூறும். நன்னீர்த் தொட்டிகளில் அதைச் செய்பவை நைட்ரோஸ்பைரா இனத்தவை என்று அமெரிக்க ஆய்வாளர் திமோத்தி ஹோவனெக் குழுவினர் 1998இல் காட்டினர். இந்த உயிர்கள் மிக மெதுவாகப் பெருகுபவை. அவை ஒட்டிக்கொள்ளப் பரப்பு, ஓயாத ஆக்சிஜன், பெருகுவதற்கு நாட்கள் ஆகிய மூன்றையும் கொடுப்பதே உயிரியல் வடிகட்டி அமைக்கும் வேலை.

படி 1: அளவைக் கணக்கிடுதல்

நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் கொண்ட தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் முழுக் கொள்ளளவு சுமார் 450 லிட்டர். மேலே விடும் இடைவெளியும் மணலும் போக ஏறத்தாழ 400 லிட்டர் நீர் இருக்கும். இந்த அளவுக்கு, தொட்டிக்குக் கீழே தனித்தொட்டியாக அமையும் சம்ப் வடிகட்டியையே நான் பரிந்துரைப்பேன். கேனிஸ்டர் வடிகட்டி அடக்கமானதுதான். ஆனால் மூடிய பெட்டி என்பதால், மின்சாரம் நின்றால் உள்ளிருக்கும் நுண்ணுயிர்கள் சில மணி நேரத்தில் ஆக்சிஜனின்றி மடியத் தொடங்கும்.

படி 2: சம்ப் கட்டுதல்

36 அங்குல நீளமும், 15 அங்குல அகலமும் உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி போதுமானது. அதற்குள் 9 அங்குல உயரமுள்ள தடுப்புக் கண்ணாடிகளை ஒட்டி, நீர் வந்து விழும் முதல் அறையை 8 அங்குலமாகவும், நடு அறையை 18 அங்குலமாகவும், பம்ப் நிற்கும் கடைசி அறையை 10 அங்குலமாகவும் பிரித்துக்கொள்ளுங்கள். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத, மீன்தொட்டிக்கென்றே விற்கப்படும் சிலிகானை மட்டுமே பயன்படுத்த வேண்டும். அதன் புளிப்பு வாடை முழுவதும் அடங்கும் வரை நீர் விடக்கூடாது.

முதல் அறையில் ஸ்பாஞ்ச் அல்லது பஞ்சு வைத்து அழுக்கைத் தடுத்து நிறுத்துங்கள். அழுக்கு நடு அறைக்குப் போனால் நுண்ணுயிர் வளரும் பரப்பை மூடிவிடும். நடு அறையில் கே1 எனப்படும் சக்கர வடிவப் பிளாஸ்டிக் மீடியாவை (நுண்ணுயிர் ஒட்டி வளரும் பொருள்) பாதி அளவுக்கு, அதாவது 20 லிட்டர் போட்டு, அடியில் காற்றுக் குமிழ் விடும் ஏர் ஸ்டோன் வைத்து ஓயாமல் சுழலவிடுங்கள். ஒரு கன மீட்டர் கே1 மீடியாவில் நுண்ணுயிர்கள் உரசப்படாமல் வளரக்கூடிய பரப்பு சுமார் 500 சதுர மீட்டர் உண்டு என்பதால், 20 லிட்டரில் 10 சதுர மீட்டர் கிடைக்கும். பீங்கான் வளையங்களும் லாவா கற்களும் நல்லவையே. ஆனால் அவற்றின் நுண்துளைகள் நாளடைவில் அடைபடுகின்றன, சுழலும் மீடியாவோ தன்னைத்தானே உரசிச் சுத்தம் செய்துகொள்கிறது.

பம்ப் மணிக்கு 2,000 லிட்டராவது மேலே ஏற்ற வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருப்பது உயரமே ஏற்றாதபோது கிடைக்கும் அளவு. நான்கைந்து அடி ஏற்றும்போது அது கணிசமாகக் குறையும். ஆகவே 3,000 லிட்டர் என்று குறித்த பம்பை வாங்குவது நல்லது.

படி 3: மின்தடைச் சோதனை

பலர் தவிர்த்துவிடும் இந்தப் படியை நான் மிகவும் வலியுறுத்துகிறேன். பம்ப் நின்றதும், மேல் தொட்டியின் நீர் குழாய் வழியே பின்னோக்கி இறங்கும். இந்த அளவுத் தொட்டியில் ஓர் அங்குலம் இறங்கினால் ஏறத்தாழ 19 லிட்டர் சம்புக்கு வந்து சேரும். சம்பில் 9 அங்குலத்துக்கு மேல் ஏறத்தாழ 50 லிட்டர்தான் கொள்ளும் என்பதால், இரண்டு அங்குலத்துக்கு மேல் இறங்க விடக்கூடாது. நீர் திரும்பும் குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளையிட்டால், அது வெளிப்பட்டவுடன் காற்று புகுந்து நீரிறக்கம் நின்றுவிடும். அந்தத் துளையைப் பாசி அடைக்காதபடி வாரந்தோறும் பார்த்துக்கொள்ளுங்கள். சம்பில் நீர் ஏறும்போது மிதக்கும் மீடியா தடுப்பைத் தாண்டிப் பம்ப் அறைக்குப் போய்விடாமலிருக்க, நடு அறைக்கு மேல் பிளாஸ்டிக் வலை ஒன்றைப் பொருத்துங்கள். பிறகு மீன் ஏதுமில்லாத நிலையில் பம்பை நீங்களே நிறுத்தி, நீர் எங்கே வந்து நிற்கிறது என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

படி 4: மீன் இல்லாமல் நுண்ணுயிர்களை வளர்த்தல்

மாநகராட்சிக் குழாய்நீரில் உள்ள குளோரின் இந்த நுண்ணுயிர்களைக் கொல்லும் என்பதால், முதலில் ஆன்டி குளோரின் சேர்த்து அதை நீக்க வேண்டும். அடுத்து அம்மோனியம் குளோரைடு தேவை. ஈயம் பூசுவோர் பயன்படுத்தும் நவச்சாரமும் இதுவே. ஆனால் கடைச்சரக்கில் கலப்பு இருக்கலாம் என்பதால் ஆய்வகத் தரத்தில் வாங்குங்கள். 400 லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்தால், லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா கிடைக்கும். சம்பில் உள்ள நீரையும் சேர்த்தால் 3 கிராம்.

முதல் ஓரிரு வாரங்கள் எதுவும் நடக்காதது போலவே தோன்றும். சொட்டு மருந்து டெஸ்ட் கிட் கொண்டு இரண்டு நாட்களுக்கு ஒருமுறை சோதித்து, தேதியோடு எழுதி வையுங்கள். அம்மோனியா குறையத் தொடங்கும்போது நைட்ரைட் தலைகாட்டும். அம்மோனியா ஏறக்குறைய தீர்ந்ததும் மீண்டும் அதே அளவு சேர்க்க வேண்டும். நைட்ரைட் லிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டினால் பாதி நீரை மாற்றுங்கள். நண்பரின் நோயற்ற பழைய தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி மீடியா கிடைத்தால் நாட்கள் வெகுவாகக் குறையும்; பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவைவிட அதையே நான் நம்புவேன்.

ஆர்ஓ நீரை மட்டும் நிரப்புவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த நுண்ணுயிர்கள் நீரின் காரத்தன்மையைத் தின்றுகொண்டே போகும், அமில-கார அளவான பிஎச் 6.5க்குக் கீழே போனால் அவற்றின் வேலை மிகவும் மந்தப்படும். அப்போது 100 லிட்டருக்கு 6 கிராம் சமையல் சோடா கரைத்து விடலாம்.

மாலையில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் சேர்த்த அம்மோனியா, மறுநாள் மாலைக்குள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லாதபடி தீர்ந்தால் வடிகட்டி முதிர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். இதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

படி 5: மீன் விடுதல்

பெருமளவு நீரை மாற்றிய மறுநாள், விரும்பும் மீன்களில் மூன்றிலொரு பங்கை மட்டும் விடுங்கள். இரண்டு வாரம் தினமும் சோதித்த பிறகே அடுத்த பங்கு. ஆழ்துளைக் கிணற்று நீரைப் போல பிஎச் உயர்ந்த நீரில் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஏனெனில், 28 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதுவே பிஎச் 8 ஆனால் ஆறு பங்கைத் தாண்டும். நைட்ரைட் தென்பட்டால் உணவை நிறுத்தி, நீரை மாற்றி, தங்கமீன் தொட்டியாயின் லிட்டருக்கு ஒரு கிராம் அயோடின் கலக்காத உப்பைக் கரைத்து விடுங்கள். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே உடலுக்குள் புகுவதைத் தடுக்கும்.

முதல் அறையின் ஸ்பாஞ்சை வாரந்தோறும் அலசலாம். அதைக் குழாயடிக்குக் கொண்டு போகாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரை வாளியில் பிடித்து அதிலேயே பிழிந்தெடுங்கள். நடு அறையின் மீடியாவைத் தொடவே வேண்டாம்.