காலித் தோட்டாவில் அழுத்தத்தின் அடையாளம் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராணுவத்தில் துப்பாக்கிப் பழுதுபார்க்கும் பணியிலிருந்து ஓய்வு பெற்று மண்டபத்தில் குடியிருக்கும் எனக்கு, ஆஸ்திரேலியாவில் உள்ள என் தங்கை மகன் சுட்டு முடித்த தோட்டா உறைகளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "மாமா, பிரஷர் ஏறியிருக்கா?" என்று, அதாவது சுடும்போது உறைக்குள் எழுந்த அழுத்தம் அளவு மீறியதா என்று, கேட்பது வழக்கமாகிவிட்டது. அங்கே உரிமம் உள்ளவர்கள் ரைபிள் தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்கிறார்கள். இங்கே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அதற்கென உரிமம் பெறாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.

அவன் செய்த தவறுகளில் பெரியது, உறையில் அடையாளம் எதுவும் தெரியவில்லை என்பதால் வெடிமருந்தை இன்னும் கொஞ்சம் கூட்டலாம் என்று எண்ணியதுதான். அமெரிக்கத் தர அமைப்பான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று விதித்துள்ள உச்ச அழுத்தம் .308 வின்செஸ்டர் ரகத் தோட்டாவுக்கு 62,000, நம் போலீஸாரிடம் நெடுங்காலம் இருந்த .303க்கு 49,000, .30-30க்கு 42,000. இந்த வேறுபாடு உறையின் பித்தளைக்குத் தெரியாது. உறையின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் தட்டையாவதும், தோட்டாவைப் பின்னாலிருந்து பூட்டும் போல்ட்டைத் தூக்கக் கை திணறுவதும், உறையை வெளியே தள்ளும் எஜெக்டர் இருக்கும் துளையின் பளபளப்பான தடம் உறையின் அடியில் பதிவதும் பெரும்பாலும் .308இன் உச்சத்தையும் தாண்டிய பிறகே தெரிகின்றன. அந்த அடையாளத்துக்காகக் காத்திருக்கும் .30-30காரர் தம் துப்பாக்கியின் எல்லையை எப்போதோ கடந்திருப்பார். அச்சிட்ட மருந்தளவு அட்டவணையின் தொடக்க அளவிலிருந்து ஏறுவதும், குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் வேகம் அட்டவணையை மிஞ்சினால், உறை எவ்வளவு அழகாக இருந்தாலும், அங்கேயே நிறுத்துவதும்தான் முறை.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ஒருமுறை அவன் அனுப்பிய படத்தில் பிரைமர் அப்பளமாகத் தட்டையாகியிருந்தது, ஆனால் மருந்தோ தொடக்க அளவுதான். முனையைச் சற்று வளைத்த மெல்லிய கம்பியை உறைக்குள் விட்டு, அடியிலிருந்து உட்சுவரை உரசியபடி மெதுவாக மேலே இழுக்கச் சொன்னேன். அடியிலிருந்து சிறிது தூரத்தில் கம்பி ஒரு பள்ளத்தில் 'டக்'கென்று விழுந்தது. சுட்ட உறையைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சான சைஸிங் டையில் உறையின் தோளை, அதாவது கழுத்துக்குக் கீழே சரியும் பகுதியை, அளவுக்கு மீறிப் பின்னுக்குத் தள்ளியதால், துப்பாக்கியில் தோட்டா அமரும் சேம்பருக்குள் அது முன்னும் பின்னும் ஆட இடம் கிடைத்திருக்கிறது. சுடும்போது பிரைமர் முதலில் பின்னுக்கு வந்து விரிந்து, பிறகு உறை நீண்டு போல்ட்டில் மோதும்போது மீண்டும் உள்ளே அழுந்தித் தட்டையாகிறது. மருந்தைக் குறைத்தால் இது தீராது. அந்தப் பள்ளம் உறை இரண்டாகப் பிரியப்போவதன் முன்னறிவிப்பு என்பதால், அத்தனை உறைகளையும் நசுக்கி எறியச் சொன்னேன். விலையை நினைத்து முனகினான்.

பிரைமரில் துப்பாக்கியின் ஊசி குத்திய குழியைச் சுற்றி விளிம்பு எழும்பியிருந்தாலும் உடனே மருந்தின் மேல் பழி போடக் கூடாது. போல்ட்டில் ஊசித் துளை அகன்றிருந்தாலோ, பிரைமர் மெல்லிய தகடாக இருந்தாலோ, சாதாரண அழுத்தத்திலும் அப்படி எழும்பும். இரண்டு மூன்று அடையாளங்கள் சேர்ந்து வரும்போதுதான் ஐயம் உறுதியாகும். ஆனால் உறையில் பிரைமர் அமரும் குழி தளர்ந்து புதுப் பிரைமர் நிற்காமல் போனால், வேறு சாட்சி தேவையில்லை.

வெயிலை மறப்பது எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரனுக்கு வரக்கூடாத தவறு. அரிச்சல்முனையில் நண்பகலில் பூட்டி நிறுத்திய காருக்குள் கைவைத்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை: சூடேறிய மருந்து வேகமாக எரிந்து அழுத்தத்தைக் கூட்டும். அவன் ஜூலைக் குளிரில் சோதித்த அளவு ஜனவரி வெயிலில் போல்ட்டை இறுக்கிவிட்டது. மீதமுள்ளவற்றைச் சுட்டுத் தீர்க்கலாம் என்றான். குண்டைக் கழற்றி மருந்தைக் கொட்டச் சொன்னேன்.

உப்புக் காற்றுக்குப் பயந்து எதற்கும் எண்ணெய் பூசும் நம் பழக்கமும் சேம்பருக்கு ஆகாது. எண்ணெய்ப் பசையிருந்தால் உறை சுவரைப் பிடிக்காமல் வழுக்கி, போல்ட்டின் மேல் முழு பலத்தோடு மோதும். அதனால் பதியும் தடம் அதிக அழுத்தம் போலவே தோன்றும்.

உறையின் கழுத்தில் விழும் விரிசலையும் அழுத்தத்தின் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். பிரிட்டிஷார் காலத்தில் இந்தியாவில் மழைக்காலங்களில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள் சுடாமலே வெடிப்பு விட்டன; லாயத்தின் அமோனியாதான் காரணம் என்று பின்னர் தெரிந்தது. எங்கள் கடற்கரையின் ஐஸ் பிளாண்ட்டுகளில் ஓடுவதும் அதே அமோனியாதான். எனவே விரிசலைக் கண்டால், அதே பெட்டியில் சுடாமல் கிடக்கும் தோட்டாக்களின் கழுத்தை முதலில் லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கேயும் விரிசல் இருந்தால், குறை தோட்டாவை வைத்திருந்த இடத்தில் இருக்கிறது.