மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரம்: பிள்ளைகளோடு ஒரு நாள் போய்வருவது எப்படி

முதல் தடவை பிள்ளைகளைத் திருவனந்தபுரம் கூட்டிப்போனது ஒரு திங்கட்கிழமை. பள்ளிக்கு உள்ளூர் விடுமுறை, எனக்கும் லீவு கிடைத்தது, இதைவிட நல்ல நாள் வேறு இல்லை என்று கிளம்பிவிட்டோம். மிருகக்காட்சிசாலை வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கினால் கேட் பூட்டிக்கிடந்தது. காவலாளி என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்துவிட்டது, அன்று காலையில் வந்த எத்தனையாவது முட்டாளோ நான். பக்கத்து மியூசியமும் பூட்டு. சரி, கோளரங்கமாவது பார்ப்போம் என்று போனால் அங்கேயும் பூட்டு. மூத்தவளுக்கு அப்போது எட்டு வயது. "அப்பா, இந்த ஊரில் என்னதான் திறந்திருக்கும்?" என்று கேட்டாள். ஸ்டேஷன் இருக்கும் தம்பானூரில் ஆளுக்கொரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துத் திரும்பி வந்தேன்.

அதற்கப்புறம் நாலு தடவை போய்விட்டோம். மார்த்தாண்டம், தக்கலை, களியக்காவிளைப் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டிக்கெட் எடுப்பது, சாப்பாடு கட்டுவதெல்லாம் உங்களுக்குத் தெரியும். கட்டணங்களையும் எழுதப்போவதில்லை, எழுதி முடிப்பதற்குள் மாறிவிடும்.

படி 1: கிழமையைப் பாருங்கள்

திங்கள் வேண்டாம். மிருகக்காட்சிசாலை, நேப்பியர் மியூசியம், கோளரங்கம், குதிரமாளிகை அரண்மனை, எல்லாவற்றுக்கும் வார விடுமுறை அன்றுதான். "சரி, திரும்பி வரும் வழியில் தக்கலையில் பத்மநாபபுரம் அரண்மனையைக் காட்டிவிடலாம்" என்று நினைத்தால் அதுவும் அடைப்பு. அரண்மனை நம் மாவட்டத்தில் இருந்தாலும் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. 1956 நவம்பர் 1-இல் மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்து எல்லை மாறியது, அரண்மனைச் சாவி மாறவில்லை.

புதனும் சிக்கல்தான். நேப்பியர் மியூசியம் அன்று மதியத்துக்கு மேல்தான் திறக்கும்.

திங்களை விட்டால் வேறு நாளே இல்லை என்றால் வேளி காயல், சங்குமுகம் கடற்கரை, இந்தியன் காபி ஹவுஸ் என்று மட்டும் திட்டமிடுங்கள். மற்றவை பற்றி வீட்டில் பேச்சே எடுக்காதீர்கள்.

பொங்காலை நாளும் வேண்டாம். மாசி மாதம் ஆற்றுக்கால் கோயில் பொங்காலைக்குப் பெண்கள் பொங்கல் வைப்பதால் நகரத்துத் தெருக்கள் முழுக்க அடுப்புதான் இருக்கும். பக்தியோடு போகிறவர்கள் போகட்டும், குரங்கு பார்க்கப் போகிறவர்களுக்கு அது நாள் இல்லை.

படி 2: ரயிலா பஸ்ஸா

ரயில். இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. குழித்துறையில் காலை ரயிலைப் பிடித்தால் பாறசாலை, நெய்யாற்றின்கரை தாண்டி நேராகத் தம்பானூரில் இறங்கலாம். பஸ்ஸில் போனால் பாலராமபுரம் சந்திப்பில் மாட்டிக்கொள்வீர்கள். கைத்தறிக்குப் பேர்போன ஊர், நெருக்கடிக்கும்தான். என் இளையவன் வாந்தி எடுக்கும் இடம் சரியாக அதுதான், நாலு வயதிலேயே இடம் பார்த்து வைத்திருக்கிறான்.

பஸ்தான் வசதி என்றால் ஒரு சிக்கன வழி: பெண்களுக்குக் கட்டணமில்லாத நம் டவுன் பஸ்ஸில் களியக்காவிளை வரை போய், அங்கிருந்து கேரள பஸ் பிடிக்கலாம். என் மனைவி அப்படித்தான் சொல்லுவாள். மிச்சமான காசுக்கு எல்லை தாண்டியதும் பழம்பொரி வாங்குவாள். அதனால் கணக்கு சரியாகிவிடும்.

படி 3: மூடும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

நான் தடுக்கிவிழுந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இரண்டாம் தடவை போனது சனிக்கிழமை. கிழமை சரி, ஆனால் வரிசை தப்பு. வரைபடத்தில் எது பக்கமோ அதை முதலில் வைத்தேன். முதலில் 'சாலை' என்கிற கடைவீதி, அப்புறம் பத்மநாபசுவாமி கோயில், அப்புறம் குதிரமாளிகை. சாலையில் பொம்மைக் கடையில் முக்கால் மணி நேரம் போய்விட்டது. கோயிலுக்குப் போனால் நடை சாத்தும் நேரம், இனி சாயங்காலம்தான். பக்கத்திலேயே குதிரமாளிகை. அங்கே மதியச் சாப்பாட்டுக்கு அடைத்துக்கொண்டிருந்தார்கள். வெயில் உச்சியில், இரண்டு பசித்த பிள்ளைகளோடு, பத்மதீர்த்தக் குளக்கரையில் நான்.

அன்று தெரிந்தது இது: இந்த நகரத்தில் பிள்ளைகளோடு சுற்றுவதற்குத் தூரம் ஒரு பொருட்டே இல்லை, எந்தக் கதவு எப்போது சாத்துகிறது என்பதுதான் கணக்கு. ஒரு தாளில் நாலு இடங்களை எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அடைக்கும் நேரத்தை மட்டும் எழுதுங்கள். முதலில் அடைப்பதற்கு முதலில் போங்கள். அடைப்பே இல்லாத கடற்கரை கடைசி.

இன்னொன்று. நகரத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: மியூசியம் பக்கம், கோயில் இருக்கும் கோட்டைப் பக்கம். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும். இரண்டையும் ஒரே நாளில் முடிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளைத் திரும்பும் ரயிலில் பார்த்திருக்கிறேன்.

படி 4: காலைச் சாப்பாடு, சுற்றிச் சுற்றி

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் பஸ் நிலையத்தின் பக்கத்திலேயே செங்கல் நிறத்தில் ஒரு கோபுரம்போல நிற்பது இந்தியன் காபி ஹவுஸ். லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் கட்டியது. உள்ளே மாடிப்படி இல்லை, தரையே திருகிக்கொண்டு மேலே போகிறது. மேஜையும் இருக்கையும் சுவரோடு சேர்த்துக் கட்டியவை. இளையவனைப் பொறுத்தவரை திருவனந்தபுரத்தில் பார்க்கவேண்டிய முதல் இடமே இதுதான். விசிறித் தலைப்பாகை கட்டின பரிமாறுபவர் அவனுக்கு ராஜா. மசால் தோசைக்குள் பீட்ரூட் இருக்கும், சிவப்பாக. "காரமா?" என்று அழ ஆரம்பிக்கும் முன்பே சொல்லி வையுங்கள்.

மற்ற ஓட்டல்களில் இளஞ்சிவப்பாகச் சூடான தண்ணீர் வைப்பார்கள். பதிமுகம் என்ற மரத்துண்டு போட்டுக் கொதிக்க வைத்தது, பயப்பட வேண்டாம். தண்ணீருக்கு "வெள்ளம்" என்று கேட்டால் தருவார்கள் என்று மற்ற தமிழ்நாட்டுக்காரர்களுக்குத்தான் சொல்லித்தரவேண்டும், நமக்கு வீட்டிலேயே அது வெள்ளம்தான்.

படி 5: மியூசியம் பக்கம்

மிருகக்காட்சிசாலை ஒன்பது மணிக்குத் திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள். வெயில் ஏறினால் புலி தூங்கிவிடும், அப்புறம் நீங்கள் பார்ப்பது ஒரு முதுகு. 1857-இல் தொடங்கியது இது, இந்தியாவின் பழைய மிருகக்காட்சிசாலைகளில் ஒன்று. என் பாட்டி "காட்சி பங்களா" என்றுதான் சொல்வாள். ஏற்றமும் இறக்கமுமான நிலம், நடுவில் ஒரு ஏரி, பெரிய பெரிய மரங்கள். தள்ளுவண்டி கொண்டுபோகாதீர்கள். ஏற்றத்தில் நீங்கள்தான் தள்ளவேண்டும், இறக்கத்தில் நீங்கள்தான் பிடிக்கவேண்டும், பிள்ளை எப்படியும் இறங்கி நடக்கும். பேட்டரி வண்டி ஓடினால் அதில் ஏறிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் பழைய வேட்டியைத் தோளில் கட்டித் தூக்குவதுதான் என் முறை.

அனகோண்டாவை விட்டுவிடாதீர்கள். 2014-இல் இலங்கையிலிருந்து வந்தவை. கண்ணாடிக்குப் பின்னால் அசையாமல் கிடக்கும், பிள்ளைகள் "பொம்மை" என்பார்கள். கொஞ்சம் காத்திருங்கள்.

குரங்குக் கூண்டருகே சொல்ல ஒரு உண்மைக் கதை உண்டு. 2023 ஜூனில் திருப்பதியிலிருந்து கொண்டுவந்த அனுமன் குரங்கு ஒன்று கூண்டுக்குள் விடும்போது தப்பித்து, மூன்று வாரத்துக்கு மேல் நகரத்தில் மரம் மரமாகச் சுற்றியது. ஊழியர்கள் கீழே நின்று பழத்தைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். ஜூலையில்தான் பிடிபட்டது. இந்தக் கதையைக் கேட்டபிறகு மூத்தவள் கூண்டைப் பார்ப்பதை விட்டு மரங்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

பதினோரு மணிவாக்கில் வெளியே வந்து அதே வளாகத்தில் நேப்பியர் மியூசியம். சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பெயரில், சிஸ்ஹோம் வடிவமைத்து 1880-இல் முடிந்த கட்டடம். பிள்ளைகளுக்கு உள்ளே இருக்கும் வெண்கலச் சிலைகளைவிட வெளியே இருக்கும் வண்ணக் கோடுகள்தான் பிடிக்கும். கால் மணி நேரம் போதும். பக்கத்து இயற்கை வரலாற்று மியூசியத்தின் எலும்புக்கூடுகளுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கோளரங்கம். பி.எம்.ஜி. சந்திப்பில் அறிவியல் தொழில்நுட்ப மியூசியத்தோடு சேர்ந்து இருக்கிறது, ஆட்டோவில் சில நிமிடம். நல்ல வெயில் நேரத்தில் இருட்டு, குளிர், சாய்ந்த இருக்கை. மலையாளக் காட்சியானாலும் நம் பிள்ளைகளுக்குப் புரியும், டிவி பார்த்து வளர்ந்தவர்கள்தானே. விளக்கு அணைந்ததும் இளையவன் என் சட்டையைப் பிடித்தான், சனிக் கிரகம் வருவதற்குள் தூங்கிவிட்டான். மூத்தவள் சனியைப் பார்த்தாள். நான் இரண்டு பேரையும் பார்த்தேன், அன்றைய நாளின் சிறந்த நேரம் எனக்கு அதுதான்.

படி 6: கோட்டைப் பக்கம் (வேறொரு நாள்)

இங்கே காலையில் முதலில் கோயில், உடனே குதிரமாளிகை, கடைசியில்தான் சாலைக் கடைவீதி. நான் செய்ததைத் தலைகீழாக்கினால் போதும்.

கோயிலுக்கு ஆண்களுக்கு வேட்டி, மேலே சட்டை கிடையாது. பெண்கள் சேலை. சுடிதார் போட்டிருந்தால் அதன்மேல் முண்டு சுற்றவேண்டும். பையனுக்கும் இதே விதிதான், மறந்துவிடாதீர்கள். நாங்கள் மறந்தோம், என் துண்டை இரண்டாக மடித்து அவன் இடுப்பில் கட்டினேன். வெல்குரோ வைத்த சின்ன ஒட்டு வேட்டி கடைகளில் கிடைக்கிறது, அதை வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அரைஞாண் கயிற்றில் செருகிய வேட்டி கொடிமரம் வரை தாங்காது. போன் உள்ளே கொண்டுபோக முடியாது.

குதிரமாளிகை சுவாதித் திருநாள் மகாராஜா கட்டியது. கூரைக்குக் கீழே வரிசையாக 122 மரக்குதிரைகள். எண்ணச் சொல்லுங்கள். எங்கள் வீட்டுக் கணக்கு 97-இல் சண்டையாகி நின்றுவிட்டது.

ஆனால் இந்தப் பக்கத்தின் அசல் பொக்கிஷம் இலவசம்: கோயிலுக்கு எதிரே, குளத்தைப் பார்த்திருக்கும் மேத்தன் மணி. கடிகாரத்துக்கு மேல் தாடி வைத்த ஒரு மனித முகம், இரண்டு பக்கமும் ஒரு ஆட்டுக்கடா. மணி அடிக்கும்போது முகம் வாயைத் திறக்கும், கடாக்கள் கன்னத்தில் வந்து முட்டும். முழு மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே போய் நில்லுங்கள். பத்து மணி ஒரு நிமிடத்துக்குப் போய் நின்றால் அடுத்து பதினொன்றுதான், அதற்குள் பிள்ளைகள் உங்களை முட்டும். பழுதாகி நிற்கிற காலங்களும் உண்டு, அதனால் முன்கூட்டியே வாக்குக் கொடுக்காதீர்கள்.

படி 7: சாயங்காலம்

இரண்டு நாள் திட்டத்துக்கும் முடிவு ஒன்றுதான். சங்குமுகம் அல்லது வேளி.

சங்குமுகத்தில் சிற்பி கானாயி குஞ்ஞிராமனின் பெரிய ஜலகன்னிகை சிலை இருக்கிறது. தலைக்கு மேல் விமானம் போகும். விமான நிலையம் ஒட்டியே இருப்பதால்தான். பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமியை நீராட்டும் ஆறாட்டு ஊர்வலம் ஓடுபாதை வழியாகத்தான் கடலுக்குப் போகும், அதற்காகச் சில மணி நேரம் விமானங்களை நிறுத்திவிடுவார்கள். மூத்தவள் இதை வகுப்பில் சொல்லி யாரும் நம்பவில்லை.

தண்ணீரில் இறக்காதீர்கள். அலை மோசம், மணலும் பழைய மணல் இல்லை. 2021 மே மாதக் கடல் கொந்தளிப்பில் இங்கே சாலையே இடிந்தது. கால் நனைக்கவும் தயங்குவேன். சின்னப் பிள்ளைகளுக்கு வேளிதான் நல்லது: காயல், மிதக்கும் பாலம், படகு, சூரிய சக்தியில் ஓடும் குட்டி ரயில். ரயில் ஓடுகிறதா என்று வாசலிலேயே கேளுங்கள், பிள்ளைகள் காதில் விழாமல்.

பையில்: மட்டிப்பழம் ஒரு சீப்பு (பிஸ்கட்டைவிட நூறு மடங்கு மேல், கையெல்லாம் ஒட்டாது), எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், மாற்றுத்துணி, ஒரு பெரிய குடை. இரண்டு சின்னக் குடை வேண்டாம், வாள்சண்டை நடக்கும்.

பிற்சேர்க்கை 1: சிட்டி சர்குலர் பஸ் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். நிறம் நிறமாகச் சுற்றி ஓடும் கேரள அரசு பஸ்கள், ஆட்டோவைவிட மலிவு. கவனிக்க வேண்டியது திசை. எண்ணோடு சி இருந்தால் கடிகாரச் சுற்று, ஏ இருந்தால் எதிர்ச்சுற்று. நான் ஒருமுறை நிறத்தை மட்டும் பார்த்து ஏறி, பத்து நிமிடத்தில் போகவேண்டிய இடத்துக்கு நகரத்தையே சுற்றிப் போனேன். ஜன்னல் சீட் கிடைத்ததால் வீட்டில் யாரும் புகார் சொல்லவில்லை.

பிற்சேர்க்கை 2: தக்கலைக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார், அவர் ஏறிய ரயில் "திருவனந்தபுரம் வடக்கு" வரை. பெயரைப் பார்த்து அதுதான் ஸ்டேஷன் என்று உட்கார்ந்தே இருந்துவிட்டார். அது பழைய கொச்சுவேளி. நேமமும் இப்போது "திருவனந்தபுரம் தெற்கு". 2024-இல் பெயர் மாற்றினார்கள். நீங்கள் இறங்க வேண்டியது சென்ட்ரல், தம்பானூர். ஆனால் கொச்சுவேளியில் இறங்கியது அவருக்கு ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. வேளி அங்கிருந்து பக்கம்தான், பிள்ளைகள் காலையிலேயே படகு ஏறிவிட்டார்களாம்.