ஸ்டியரிங் ராக் இறங்க மறுக்கிறதா? சுத்தியலைக் கீழே வையுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெருவில் இரண்டு தம்பிகள் ஒரு பழைய மாருதி 800-ஐ ஸ்டாண்டில் ஏற்றி, ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரங்களை இடம் வலமாகத் தள்ளும் பல் கம்பியான ராக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் மாட்டுவதற்கான வேலை. சுத்தியல் சத்தம் என் வீடு வரை கேட்டது. எந்த இடத்தில் அடிக்கிறார்கள் என்று போய்ப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. 12 வருடத்துக்கு முன்னால் நானும் அங்கேதான் அடித்தேன்.

வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போல்ட்டைத் தளர்த்தினால் போதும் என்று நினைப்பது

ஸ்டியரிங் ஷாஃப்ட்டின் கீழ் முனையில் இருக்கும் கிராஸ் ஜாயிண்ட் (மடங்கித் திரும்பும் இணைப்பு), ராக்கின் பினியன் ஷாஃப்ட் (ராக்கை நகர்த்தும் பல்சக்கரத் தண்டு) மேல் பல்லோடு பல் உட்கார்ந்திருக்கும். ஜாயிண்டின் வாயில் ஒரு பிளவு இருக்கும். அதை இறுக்கிப் பிடிப்பது பக்கவாட்டில் ஒரே ஒரு போல்ட். நான்கு சுற்று தளர்த்தியதும் பிடி விட்டுவிட்டது, இனி இழுத்தால் வந்துவிடும் என்றுதான் தோன்றும். வராது. பினியன் ஷாஃப்ட்டில் குறுக்கே ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். போல்ட் அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் போகிறது. போல்ட் தளர்ந்துபோனாலும் ஜாயிண்ட் கழன்று விழக் கூடாது என்பதற்காகவே செய்த ஏற்பாடு அது. முழுசாக உருவி வெளியே எடுக்காதவரை எத்தனை அடி அடித்தாலும் ஜாயிண்ட் அசையாது.

இது தெரியாமல் ஒரு மத்தியானம் முழுக்க அடித்தேன். துருதான் பிடித்திருக்கிறது என்று எண்ணெய் ஊற்றி ஊற்றி அடித்தேன். அடி விழுந்ததெல்லாம் பினியன் பேரிங்கிலும் கிராஸ் ஜாயிண்டின் ஊசி பேரிங்கிலும். கடைசியில் உளியை வைத்துப் பிளவை அகலப்படுத்தினேன். ஜாயிண்ட் வந்தது, ஆனால் வாய் விரிந்துபோனதால், திரும்ப மாட்டியபோது எவ்வளவு இறுக்கியும் ஆட்டம் போகவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினால் அரைச் சுற்றுக்கு ஒரு முறை கையில் பிடித்துப் பிடித்து விட்டது. ஜாயிண்ட், ராக் இரண்டையும் புதிதாக வாங்கினேன். நன்றாக இருந்த ராக்கை என் கையாலேயே கெடுத்தேன் என்பது இன்றைக்கும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

சரி, செய்யவேண்டியது என்ன? போல்ட்டை முழுசாக எடுங்கள். ஜாயிண்டிலும் ஷாஃப்ட்டிலும் சேர்ந்தாற்போல ஒரு பெயின்ட் கோடு போடுங்கள். துருவை இளக்கும் எண்ணெய் அடித்து அரை மணி நேரம் விடுங்கள். பிளவில் தட்டை ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து லேசாகத் திருப்பிக்கொண்டே ஜாயிண்டை மேலே ஆட்டி இழுங்கள். அந்தத் தம்பிகளிடம் போல்ட்டை உருவச் சொன்னேன். ஐந்து நிமிஷத்தில் கையோடு வந்துவிட்டது. "இவ்வளவுதானா அண்ணே?" என்றான் பெரியவன்.

டை ராட் எண்டை மரைமேல் அடிப்பது

ராக்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பிதான் டை ராட், அதன் வெளி முனை எண்ட். மரைமேல் அடித்தால் மரை நசுங்கும், அப்புறம் நட்டு ஏறாது. புல்லர் (திருகிப் பிரித்தெடுக்கும் கருவி) இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் நட்டை மரை முனை வரை தளர்த்தி அப்படியே விட்டு, எண்ட் உட்கார்ந்திருக்கும் நக்கிளின் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) காதில் பக்கவாட்டில் பலமாக இரண்டு அடி அடியுங்கள். கூம்பு பிடி அந்த அதிர்ச்சியில்தான் விடும். பழைய எண்டையே திரும்பப் போடுவதாக இருந்தால் பிரித்தெடுக்கக் கவட்டைக் கம்பியை இடுக்காதீர்கள், ரப்பர் கிழிந்துவிடும்.

மரையை எண்ணாமல் கழற்றுவது

எண்டை டை ராடோடு பூட்டும் லாக் நட்டுக்கு வெளியே எத்தனை மரை தெரிகிறது என்று இரண்டு பக்கமும் எண்ணி எழுதி வையுங்கள். அலைன்மென்ட் கடை வரை வண்டி நேராகப் போக அது போதும்.

உள் பக்க டை ராடைத் திருகும்போது

ராக்கை இன்னொரு ஸ்பானரால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்த முறுக்கு முழுக்க ராக்கின் பல்லுக்குத்தான் போகும்.

ஏர்பேக் உள்ள வண்டியில் ஸ்டியரிங்கைச் சும்மா சுற்ற விடுவது

உள்ளே இருக்கும், ஏர்பேக்குக்குப் போகும் சுருள் வயர் அறுந்துவிடும். சக்கரத்தை நேராக வைத்து, ஸ்டியரிங்கை சீட் பெல்ட்டால் கட்டிவிடுங்கள்.

பழைய ஸ்ப்ளிட் பின்

எண்ட் நட்டு கழலாமல் குறுக்கே செருகியிருக்கும் கம்பி இது. பழையதைக் குப்பையில் போடுங்கள். புதுசு மாட்டுங்கள்.