கார் ஆம்ப்ளிஃபயர்: பெட்டியில் போட்ட வாட்ஸை நம்பாதீர்கள்

சென்னை ஜி.பி. ரோடு கார் ஆக்சஸரீஸ் கடைகளில் ஏறி இறங்கினால் 'நாலு சேனல், 2000 வாட்ஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்ட ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) பெட்டிகள் கண்ணில் படாமல் போகாது. அந்த எண்ணைப் பார்த்து வாங்குவதுதான் முதல் தவறு. அது 'மேக்ஸ் பவர்'. கண நேரம் எட்டினால் உண்டு, பல ஆம்ப்கள் அதைக்கூட எட்டுவதில்லை. கேட்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட்ஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய பவர். அதுவும் சேனலுக்கு (ஸ்பீக்கருக்குப் போகும் ஒவ்வொரு தனி வழிக்கும்) எவ்வளவு, எத்தனை ஓம்ஸில் (ஸ்பீக்கரின் மின்தடை அளவு) என்று.

கடைக்காரருக்கும் தெரியவில்லையா? ஆம்பின் ஓரத்தில் செருகியிருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். 30 ஆம்பியர் என்றால், இன்ஜின் ஓடும்போது கிடைக்கும் 13.8 வோல்ட்டோடு பெருக்கினால் 414 வாட்ஸ். உள்ளே போவதே அவ்வளவுதான். கிளாஸ் ஏபி வகை ஆம்ப் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே ஸ்பீக்கருக்குத் தரும், கிளாஸ் டி வகை முக்கால் பங்குக்கு மேல் தரும். மிச்சம் சூடாகப் போகும். 2000 எங்கே, 300 எங்கே!

அதற்காகப் பெரிய ஆம்ப் தேடி அலையவும் வேண்டாம். '50 வாட்ஸ் x 4' என்று போட்ட டாஷ்போர்டு ஸ்டீரியோவே உண்மையில் சேனலுக்கு 15 முதல் 20 வாட்ஸ்தான் தருகிறது. கதவு ஸ்பீக்கருக்கு நேர்மையான 50, 75 வாட்ஸ் கிடைத்தாலே வித்தியாசம் நன்றாகத் தெரியும். வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் சத்தம் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. ஆகவே 75-க்கும் 100-க்கும் நடுவே மண்டையைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஸ்பீக்கரின் ஆர்.எம்.எஸ். எண்ணை ஒட்டி இருந்தால் போதும். ஓம்ஸ் கணக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள்: 4 ஓம்ஸ் ஸ்பீக்கர் இரண்டை பேரலலாக (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) இணைத்தால் 2 ஓம்ஸ். இரண்டு சேனலை பிரிட்ஜ் செய்யும்போது, அதாவது ஒன்றாகச் சேர்க்கும்போது, பெரும்பாலான ஆம்ப்கள் 4 ஓம்ஸுக்குக் கீழே தாங்காது.

நல்ல ஆம்புக்குக் காசைக் கொட்டிவிட்டு ஒயரில் மிச்சம் பிடிப்பது நம்ம ஊர் வழக்கம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் மலிவாகக் கிடைக்கும் ஒயரிங் கிட் பலவற்றில் இருப்பது அலுமினியத்துக்கு மேல் பூசிய தாமிரம். தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் கம்பி மெல்லிசாக இருக்கும். நுனியை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். அதுதான் வாங்க முடியும் என்றால் ஒரு சைஸ் தடிமனாகப் போடுங்கள். பாட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஒரு ஃபியூஸ் கட்டாயம். அது ஆம்பைக் காப்பாற்ற அல்ல. ஒயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டால் வண்டி தீப்பிடிக்காமல் இருக்க.

எர்த்தும் (ஆம்பின் மைனஸ் ஒயரை வண்டியின் பாடியில் முறுக்குவது) அப்படித்தான். பெயின்ட்டுக்கு மேலேயே போல்ட்டை முறுக்கிவிட்டுப் போகிற ஃபிட்டர்கள் இருக்கிறார்கள். பெயின்ட்டைச் சுரண்டி வெறும் தகரத்தில், முடிந்தவரை குட்டையான ஒயரில் எடுக்க வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டைத் தொடவே கூடாது. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் உப்புக்காற்றில் நிற்கும் வண்டி என்றால் முறுக்கிய இடத்தில் கொஞ்சம் கிரீஸ் தடவி, வருடத்துக்கு ஒருமுறை துரு பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'ஙீ' என்று ஏறும் சத்தம் கேட்டால் முதலில் எர்த்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். அப்புறம் ஆர்.சி.ஏ. கேபிளும் (ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்கு சிக்னல் கொண்டுபோவது) பவர் ஒயரும் ஒரே பக்கமாகப் போகின்றனவா என்று பாருங்கள். ஸ்டீரியோவோடு சேர்ந்து ஆம்பை ஆன், ஆஃப் செய்யும் ரிமோட் ஒயரை நேரே பாட்டரி லைனில் கொடுத்துவிட்டால் ஆம்ப் அணையவே அணையாது, சில நாள் எடுக்காமல் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆகாது.

எல்லாவற்றையும்விட அதிகம் நடக்கும் தவறு கெயினில். அது வால்யூம் அல்ல. ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்திவைக்கும் திருகு, அவ்வளவே. அதை முழுக்கத் திருகினால் ஆம்பின் பலம் கூடாது. சிக்னலின் தலை வெட்டுப்பட்டு முதலில் ட்வீட்டர் (கீச்சொலி தரும் சின்ன ஸ்பீக்கர்) கருகும். கெயினைச் சரியாக வைக்க முதலில் ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றுங்கள். ஈக்வலைசரையும் பாஸ் பூஸ்ட்டையும் பூஜ்ஜியத்தில் வையுங்கள். ஸ்டீரியோ வால்யூமை முக்கால் வரை ஏற்றி, டெஸ்ட் டோன் (ஒரே சீரான ஒலி) ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளில் அளக்க வேண்டும். சாதா மீட்டர்கள் உயர்ந்த ஹெர்ட்ஸ் ஒலியைச் சரியாகக் காட்டாது. கதவு ஸ்பீக்கருக்கு 400 ஹெர்ட்ஸ், சப்ஊஃபருக்கு (ஆழ்ந்த பாஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்) 50 ஹெர்ட்ஸ் டோன் போதும். வாட்ஸை ஓம்ஸால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் எவ்வளவு வோல்ட் வர வேண்டும் என்று தெரியும். 75 வாட்ஸ், 4 ஓம்ஸுக்கு சுமார் 17.3. கெயினை மெதுவாக ஏற்றி, மீட்டர் அந்த எண்ணைக் காட்டும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். பிறகு கதவு ஸ்பீக்கருக்கு ஹைபாஸ் (தாழ்ந்த ஒலியைத் தடுக்கும் ஃபில்டர்), சப்ஊஃபருக்கு லோபாஸ் (உயர்ந்த ஒலியைத் தடுப்பது), இரண்டும் 80 ஹெர்ட்ஸில் ஆரம்பித்து, காதுக்கு ஏற்ப நகர்த்தலாம்.

எங்கே வைப்பது? சீட்டுக்கு அடியில் என்பார்கள், வசதிதான். ஆனால் 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் தண்ணீர் நின்றதை நினைத்துப் பாருங்கள். காருக்குள் முதலில் நனைவது தரைதான். தாழ்வான பகுதியில் வீடு என்றால் பின்சீட்டின் முதுகுப்பக்கத்தில், டிக்கிக்குள் சற்று உயரமாக ஒரு பலகை அடித்து அதில் பொருத்தச் சொல்லுங்கள். சுற்றிலும் காற்று போக இடம் விடுங்கள், கார்ப்பெட்டால் மூடாதீர்கள். மே மாத வெயிலில் நின்ற வண்டியை எடுத்த உடனே முழுச் சத்தத்தில் வைத்தால் ஆம்ப் சூடேறி தானே அணைந்துகொள்ளும். அது பழுது இல்லை, ஏ.சி. போட்டு உள்ளே குளிர்ந்த பிறகு மறுபடி வேலை செய்யும்.